அம்மா பேசாத வசனம்

நண்பனைப் பற்றி எழுதும்போது நிதானம் வேண்டும் என்கிறார்கள். எனக்கு நிதானம் இல்லை. என் அம்மாவின் வாயில் அவள் பேசாத வசனத்தை வைத்து, அதற்கு மேல் என் பெயரையும் போட்டவனைப் பற்றி நிதானமாக எழுதுகிற அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுநடுவே கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனும் நானும் அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரே கிராமம். அவன் ஊர், நான் காலனி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அவன் வீட்டு நிலத்தில் என் அம்மா நாற்று நட்டாள், களை எடுத்தாள். கூலியை அவன் வீட்டுப் பின்பக்கம், மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று வாங்கினாள். தாகம் எடுத்தால் இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் மேலே இருந்து ஊற்றுவார்கள். முன்வாசல் வழியாக அவள் அந்த வீட்டுக்குள் போனதில்லை, அந்த வீட்டுச் சொம்பைத் தொட்டதும் இல்லை.

அவனும் நானும் ஒரே உயர்நிலைப் பள்ளி, பிறகு செங்கல்பட்டில் ஒரே கல்லூரி, ஒரே நாடகக் குழு. ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கித் தின்றவன் அவன் ஒருவன்தான். அவளை ‘அம்மா’ என்று கூப்பிட்டவனும் அவன் ஒருவன்தான். பொடிப்பையன்கள் எங்கள் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஊர் அது. அங்கே ஒருத்தன் ‘அம்மா’ என்றால் மனசு இளகத்தான் செய்யும். எனக்கு இளகியது.

கல்லூரியில் நாங்கள் போட்ட நாடகங்களில் ஒன்று, நூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு ரஷ்ய நாடகம். ஒரு பெரிய குடும்பம். அவர்களுடைய வீடும் பழத்தோட்டமும் கைவிட்டுப் போகப்போகிறது. எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் யாரும் துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் அதையெல்லாம் வாங்குகிறவன், அதே வீட்டில் அடிமையாகக் கிடந்தவர்களின் வாரிசு. எங்கள் குழுவில் அவன் அந்தப் பெரிய வீட்டுப் பிள்ளையாக நடித்தான், நான் வாங்குகிறவனாக நடித்தேன். யாருக்கு என்ன வேடம் என்று யாரும் கூடிப் பேசவில்லை. அது பாட்டுக்கு அமைந்துவிட்டது.

அதன் பிறகு அவன் சினிமாவுக்குப் போனான். பல வருடம் உதவி இயக்குநராக அலைந்தான். நான் கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானேன். ஒருநாள் போன் வந்தது. “மச்சான், தயாரிப்பாளர் கெடச்சிட்டாரு. நம்ம ரஷ்யாக்காரன எடுக்கலாம்டா. நீதான் வசனம். நீ இல்லன்னா நான் இத்த தொடவே மாட்டேன்.” பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டு சின்னப்பையன் மாதிரி சிரித்தேன்.

கோடை விடுமுறையில் மாமல்லபுரத்தில் ஒரு காட்டேஜ் எடுத்துக் கொடுத்தான். காலையிலிருந்து பக்கத்துப் பட்டறைகளில் உளிச் சத்தம். அந்தச் சத்தத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியாக எங்கள் மண்ணுக்குக் கொண்டுவந்தோம். ரஷ்யாக்காரர்கள் மூச்சுக்கு மூச்சு டீ குடிக்கிறார்கள், அது எங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. அவர்கள் ரயிலை விட்டு இறங்கி வருகிறார்கள், எங்கள் குடும்பம் சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் காருக்குள் மாட்டிக்கொண்டு, முன்னால் நிற்கிற லாரியைத் திட்டிக்கொண்டு வருகிறது. பனிக்கு மார்கழி போதும். தோட்டத்துக்குத்தான் சண்டை. அவனுக்குக் கடலோரச் சவுக்குத் தோப்பு வேண்டும், கேமராவுக்கு அழகாம். “சவுக்க வெட்டத்தானடா நடறாங்க? வெட்டுனா எவன் அழுவான்?” என்றேன். அரைநாள் முறைத்துவிட்டு மாந்தோப்புக்கு ஒத்துக்கொண்டான். வாங்குகிறவனை, நெம்மேலிப் பக்கம் பிளாட் போட்டு விற்று முன்னுக்கு வந்தவனாக வைத்தோம்.

ரஷ்ய நாடகத்தில் வாங்குகிறவனுக்கு மேடையில் அம்மா கிடையாது. நான் ஒரு அம்மாவை வைத்தேன். எனக்கு இந்தப் படத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு காட்சிதான். தோப்பும் வீடும் கைமாறிய மறுநாள், மகன் தன் அம்மாவை அந்த வீட்டு முன்வாசல் வழியாக உள்ளே கூட்டிக்கொண்டு போகிறான். கூடத்தில் அந்த வீட்டு அம்மா மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கிறாள். கொல்லையில் நின்றே பழகியவள் அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு பக்கத்துக்கு வசனம் எழுதினேன். படித்துவிட்டு அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். “இந்த சீனுக்காகத்தான்டா படமே” என்றான். அவனே சொன்ன வார்த்தை அது.

நடிக்க ஆள் தேடும்போது அவன்தான் சொன்னான்: “வேற யாரு மச்சான்? நம்ம அம்மாதான்.” நம்ம அம்மா என்றான். படம் பிடிக்கிற வீடு எது தெரியுமா? அவன் வீடேதான். அவன் அம்மா அதில்தான் இருக்கிறார், காலனியில் எல்லோரும் அவரைப் பெரிய வூட்டம்மா என்பார்கள். வாடகை வீடெல்லாம் பொய்யாகத் தெரியும், நிஜ வீடு வேண்டும் என்றான். நானும் தலையாட்டினேன். நிஜத்தை நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி விரும்புகிறோம் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குச் சந்தோஷமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை. “நானா? அந்த வூட்லயா? முன்னால பூந்தா?” என்று மூன்று கேள்வி கேட்டாள். வசனத்தைப் படித்துக் காட்டச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தாள். ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

படப்பிடிப்பன்று மகனாக நடித்தவன் கையைப் பிடித்து அழைத்துப் போக, அவள் முன்வாசல் படியேறினாள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரில் சென்னையிலிருந்து வந்த நடிகை. அம்மா வாயைத் திறந்தாள், வசனம் வரவில்லை. ஒரு வார்த்தைகூட. நான் கேமராவுக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். லைட் சூட்டில் அவள் முகமெல்லாம் வியர்வை. நடிகையைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

“தாகமா கீதும்மா. ஒரு சொம்பு தண்ணி குடு.”

நடிகைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கெட்டிக்காரி, எழுந்து சமையலறைக்குள் போய், அங்கே கையில் கிடைத்த அந்த வீட்டுப் பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். அம்மா அதை வாங்கி, வாய்வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். என் ஒரு பக்க வசனம் குப்பைக்குப் போனது, எனக்கு அதில் துளி வருத்தம் இல்லை. ‘கட்’ என்று சொல்ல அவனுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. லைட்மேன்கள் கைதட்டினார்கள். அவன் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். “இதான் டேக். இதான்” என்றான்.

சமையலறை வாசலில் அவன் அம்மா நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் உள்ளே போய்விட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன், “அம்மா, பின்னாலேருந்து ஒரே ஒரு ஷாட். சும்மா, சேஃப்டிக்கு” என்றான். வாசலுக்குள் வந்து நாற்காலிக்கு முன்னால் நிற்கிறவளின் முதுகு மட்டும். “ஏதாவது வாயசைங்க, போதும்” என்றான். அவளும் அவன் சொன்னபடி நின்றாள். முதுகைக் காட்டி நிற்கிற ஷாட்டில் யார் வாயிலும் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது சினிமாக்காரர்களுக்குப் பால பாடம். ஸ்பாட்டில் பதிவாகிற குரல் வெறும் வழிகாட்டிதான், உண்மையான குரலைப் பிறகு டப்பிங்கில் சேர்ப்பார்கள் என்பதும் அப்படியே. எனக்குத் தெரியாது. அவள் பேசியது பேசியபடியே வரும் என்று இருந்தேன்.

சில மாதம் கழித்து அவன் கூப்பிட்டான். “மச்சான், கூட்டத்துல வர ஒரு வயசான பொம்பளைக்கு டப்பிங் பேசணும். பேசற பொண்ணுக்கு நம்ம பக்கத்துப் பேச்சு வரல. அம்மாவ கொஞ்ச நேரம் பேச வெச்சி அனுப்பேன். அவ கேட்டுப் பழகிக்குவா.” அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், போனை அம்மா முன்னால் வைத்தேன். மழை வராததை, ஆடு ரேஷன் அரிசியைத் தின்றதை, பக்கத்து வீட்டுக்காரியோடு போட்ட சண்டையை எல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். அம்மாவும் டப்பிங் பேச வேண்டாமா என்று அவனிடம் கேட்டேன். “அவங்கள மெட்ராஸ் வரைக்கும் ஏன்டா அலைய உடற? ஸ்பாட்ல பேசுனதே பிரமாதமா கீது” என்றான். எவ்வளவு அக்கறை பாருங்கள்! நான் நன்றி வேறு சொன்னேன்.

படம் வந்ததும் செங்கல்பட்டு தியேட்டரில் ஒரு ஞாயிறு காலைக் காட்சியை எங்கள் கிராமத்துக்கென்றே எடுத்திருந்தான். வேன் அனுப்பியிருந்தான். டிக்கெட்டில் சீட் நம்பர் இருந்தும், ஊர்க்காரர்கள் பால்கனியிலும் காலனிக்காரர்கள் கீழேயும் தாமாகவே உட்கார்ந்துகொண்டார்கள். அம்மா என் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். ‘வசனம்’ என்று என் பெயர் வந்தபோது காலனிப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தக் காட்சி வந்தது. அம்மா படியேறினாள், விசில் பறந்தது. கூடத்துக்குள் வந்தாள். உடனே முதுகு. அந்த முதுகிலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தியமாக அம்மாவின் குரல் என்றே நினைத்தேன், அந்த இழுப்பு, அந்த மூச்சு, எல்லாம்.

“வேணாம்மா, நான் வெளியவே ஒக்காந்துக்கறேன். உங்க கையால ஊத்துன தண்ணில வளந்த ஒடம்பும்மா இது. யாரு வாங்குனா இன்னா, இது எப்பவும் உங்க வூடுதான்.”

பிறகு நடிகையின் முகம், கண்ணீர், வயலின். கடைசியாக அம்மாவின் முகம், வியர்வையோடு. அந்த வியர்வையைப் பார்க்கிறவன் கண்ணீர் என்றுதான் நினைப்பான். நாற்காலி இல்லை, சொம்பு இல்லை, தண்ணீர் இல்லை. பால்கனியில் கைதட்டல் அடங்கவே இல்லை. கீழே எங்கள் ஆட்கள் விசிலை நிறுத்திவிட்டார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது அவன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பிறந்ததிலிருந்து தொடாதவர், என் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். “யாரு சொல்லுவா இந்தக் காலத்துல இப்பிடி? என் மனசு குளுந்து போச்சிடி” என்றார். சுற்றிலும் ஊர், சுற்றிலும் காலனி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. வேன் ஏறப் போகும்போது என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் யாருடைய முகமும் கண்ணில் படவில்லை. அவனைத் தேடினேன், ஏற்கனவே கிளம்பிவிட்டிருந்தான்.

போன் எடுக்கவில்லை. அடுத்த வாரம்தான், மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் இருக்கிறான் என்று தெரிந்து, திருக்கழுக்குன்றம் வழியாக பைக்கில் போனேன். கடலைப் பார்த்த புல்தரையில் உட்கார்ந்து யாருக்கோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தான். மனிதநேயம் என்ற வார்த்தை காதில் விழுந்தது. பேட்டி முடியும்வரை காத்திருந்தேன். வாத்தியார் புத்தி.

“எங்கம்மா எங்கடா அப்பிடி பேசுனாங்க?” என்றேன்.

“ஒக்காரு மச்சான். டென்ஷன் ஆவாத.”

“எங்கடா பேசுனாங்க?”

“அந்த ரஷ்யாக்காரனே யாரையும் கெட்டவனா காட்டலடா. வாங்குனவனே அழுவறான் அதுல. நீயே நடிச்சிகீற.”

“அவன் தனக்காக அழுதான். மன்னிப்பு கேட்டு அழல. வெளிய ஒக்காந்துக்கறேன்னு அவன் சொன்னானா?”

அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். குரலை இறக்கிச் சொன்னான்: “ஷூட்டிங் முடிஞ்சப்பறம் எங்கம்மா எங்கூட பேசவேயில்லடா. சோறு போடல. ‘நான் செத்தப்பறம் இந்த வூட்ட என்ன வேணா பண்ணிக்கோ, உயிரோட இருக்கும்போது இப்பிடி நடுக்கூடத்துல அசிங்கப்படுத்தாத’ன்னு ஒரே அழுகை. நான் இன்னா பண்றது? உனக்கு உங்கம்மா மாதிரிதானடா எனக்கும்?”

“ஒரு சொம்பு தண்ணி கேட்டது அசிங்கமா?”

குனிந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வருத்தப்பட்டான் என்பது தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. திமிராகப் பேசியிருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இரண்டு அம்மாவில் ஒரு அம்மாவைத்தான் காப்பாற்ற முடியும் என்று வந்தபோது, யோசிக்காமல் தன் அம்மா பக்கம் போய்விட்டான். அதுவரைக்கும்கூட நான் மன்னித்திருப்பேன். அந்தக் காட்சியைத் தூக்கிவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கலாமே. தூக்கவில்லை. என் அம்மாவின் பேச்சை என் கையாலேயே வாங்கி, அவளுக்கு எதிராகவே பேசவைத்தான். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் இதுதான்.

“என் பேரையாவது எடுத்துடு” என்றேன்.

“சென்சார் சர்டிபிகேட் ஆயிட்ச்சி மச்சான். இப்ப எடுத்தா பிரச்சன ஆவும். அதுவும் இல்லாம, எல்லாரும் வசனத்ததான்டா பாராட்டறாங்க” என்றான். அதைச் சொல்லிச் சிரிக்கவும் முயற்சி செய்தான். எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை, பேசப்போவதும் இல்லை.

அங்கிருந்து நேராக ஊருக்குப் போனேன். அம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பைக்கை நிறுத்தும்போதே தெருவில் போன ஒரு அக்கா நின்று, “இன்னா சின்னம்மா, பெரிய வூட்டம்மாவுக்கு கால் புடிக்கப் போவலியா இன்னிக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா தலையை நிமிர்த்தவில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது முதல் தடவை இல்லை என்று அதிலேயே தெரிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா சும்மா இருக்கற? நான் அப்பிடி பேசவே இல்லன்னு சொல்ல வேண்டிதானே?”

“எப்பிடி சொல்றது?” என்றாள். “நான் பேசலன்னா, அப்ப எழுதுனது யாருன்னு கேப்பாங்க இல்ல? ஒம் பேருதான போட்டாங்க. காலனி புள்ளைங்கல்லாம் விசில் அடிச்சிதுங்களே. தன்னோட சனத்தையே இப்பிடி எழுதிட்டானேன்னு ஒன்ன காறித் துப்புவாங்க. அதான் கேட்டவங்க கிட்டல்லாம், எம்புள்ள வேற எழுதியிருந்தான், நான்தான் வாயி தவறி பழைய புத்தில அப்பிடி பேசிட்டேன்னு சொல்லிட்டேன்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேன் ஏறும்போது அவள் என்னைப் பார்த்தாளே, அப்போது அவள் நினைத்திருக்கிறாள்: என் பிள்ளை இப்படி எழுதியிருக்கிறான், ஏதோ காரணம் இருக்கும், இதை நாம் சுமந்துகொள்ளலாம் என்று.

“நான் எழுதலம்மா,” என்றேன். “அவன் மாத்திட்டான். நீ தண்ணி கேட்டியே, அத்த தூக்கிட்டு, வேற ஒரு பொண்ண ஒன்ன மாதிரி பேச வெச்சிட்டான். எனக்கே தியேட்டர்லதான் தெரியும்.”

அம்மாவின் கை கீரையில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதை நான் பார்த்தேன். அது வந்த வேகத்திலேயே போய்விட்டது.

“நீ எழுதலியா?”

“இல்லம்மா.”

தெருவைப் பார்த்தாள். எதிர்வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“அப்ப நான் எதுக்குடா இம்மாம் பேரு கிட்டயும் அது என் வார்த்ததான்னு சத்தியம் பண்ணேன்?”